கள்ளப்பிரானுக்கு வக்கீல் எதுக்கு?

ஏலே பேராண்டி, பெங்களூர்ல இருந்துக்கிட்டு நீ போன்ல கேட்ட கேள்வியை மடியில முடிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் அலையுதேன். "தாத்தா, சாமி நல்லவருங்கீங்க, எல்லாம் வல்லவருங்கீங்க. பெறவு எதுக்கு இம்புட்டு வெள்ளம், இம்புட்டுச் சாவு? தடுக்க மனசிருந்தும் முடியலன்னா அவரு வல்லவரு இல்ல. முடிஞ்சும் மனசு வரலன்னா நல்லவரு இல்ல. ரெண்டுல எது?" இப்படி மடக்கிப்புட்டு ஒரு சிரிப்பு வேற. சிரி, சிரி. படிக்க வச்ச காசுக்கு அந்தச் சிரிப்பாவது மிஞ்சட்டும். ஆனா இது ஒன் சொந்தச் சரக்குன்னு நெனச்சுக்கிடாத. 2,300 வருசத்துக்கு முந்தி இருந்த எபிக்யூரஸ்ங்கிற கிரேக்கத்துக்காரர் பேரைச் சொல்லி இன்னைக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காவ. பதில் சொன்னவன் பூரா செத்துப்போயிட்டான். கேள்வி குத்துக்கல்லாட்டம் நிக்கி. மண்வெட்டி பிடிச்சவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. ஸ்ரீவைகுண்டம் நூலகத்துல ஃபேன் காத்து நல்லா வரும்.

மொத விசயம், இந்தக் கேள்வி எல்லாச் சாமிக்கும் பொருந்தாது, கேட்டியா. நம்ம ஊரு எல்லையில நிக்காரே சுடலைமாடன், அவருகிட்டப் போயி கேளு பாப்போம். "நான் எப்பலே நல்லவன்னு சொன்னேன்?"னு திருப்பிக் கேப்பாரு. எல்லாம் வல்லவன்னும் அவரு பீத்திக்கிட்டது இல்ல. அவரு ராச்சியம் அந்தப் பனை விடலி வரைக்கும்தான். அதுக்கு அங்கிட்டு வேற மாடன், வேற அதிகாரம். கொடை தள்ளிப்போனா அவரு கோவப்படுவாரு, மழை தள்ளிப்போனா நாம ஏசுவோம். கணக்கு அன்னன்னைக்கு நேராயிரும். எல்லா வல்லமையையும் எல்லா நல்லதையும் சேத்து ஒரே ஆளு பேருக்குப் பட்டா போட்டாவ பாரு, அன்னைக்குப் பிடிச்சுதுதான் இந்த வில்லங்கம். பட்டா போட்டது யாரு? அவரு மனு கொடுத்தாரா?

சரி, பட்டா போட்டாச்சு. பெரிய சாமிக்கே வருவோம். 2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை, மார்கழி ஒண்ணாந்தேதி. அன்னைக்குப் பிடிச்ச மழை மறுநாளும் விடல. காயல்பட்டினத்துல ஒத்த நாள்ல 95 சென்டிமீட்டர். நம்ம ஜில்லாவுக்கு ஒரு வருசம் பூரா பெய்யுத மழையே அவ்வளவு கெடையாதுலே. தாமிரபரணியில லட்சம் கன அடிக்கு மேல தண்ணி. குளம் குளமா ஒடஞ்சுது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் 800 சனத்தோட நின்னு போச்சு. தண்டவாளத்துக்கு அடியில இருந்த ஜல்லியை ஆறு வாரிக்கிட்டுப் போயி, தண்டவாளம் மட்டும் அந்தரத்துல தொங்குது. வாழை போச்சு, நெல்லு போச்சு, ஆடு மாடு போச்சு, மனுசனும் போனான்.

தண்ணி வடியுததுக்கு முந்தியே வெளக்கம் சொல்லுத ஆளுக வந்துட்டாவ. சேறு அள்ள ஒரு பய கெடைக்கல, காரணம் சொல்ல வரிசையில நிக்காவ. ஒருத்தரு "கடைசி காலம் வந்துட்டு"ன்னாரு. வந்துட்டுன்னு தெரிஞ்சவரு எதுக்கு நிவாரண டோக்கனுக்கு மொத ஆளா நின்னாருன்னு எனக்கு வெளங்கல. இன்னொருத்தரு "சாமி தனக்குப் பிடிச்சவங்களத்தான் சோதிப்பாரு"ன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னாரு. "அப்ப துபாய்ல மாடி மேல மாடி கட்டுத ஒம்ம மவனைச் சாமிக்குப் பிடிக்கவே செய்யாது போலிருக்கே வே"ன்னு கேட்டேன். அதுல இருந்து எங்கிட்டப் பேச்சு இல்ல.

எல்லாம் முன்வினைன்னு சொன்னவரு ஒருத்தரு இருக்காரே, அவருதான் கெட்டிக்காரர். அடுத்தவன் வயலு முங்குனா முன்வினை. தன் வயலு முங்குனா பொதுப்பணித்துறை. இந்தத் தத்துவத்தைச் சாமி கண்டுபிடிச்சிருக்க மாட்டாருலே, பக்கத்து வயக்காரன்தான் கண்டுபிடிச்சிருக்கணும். மடத்துல படிச்ச ஒருத்தரு மட்டும் கொஞ்சம் ஆழமாப் பேசுனாரு. ஆணவம், கன்மம், மாயைன்னு மூணு அழுக்கு உசுரைப் பிடிச்சிருக்கு, அதைக் கழுவத்தான் இறைவன் துன்பத்தைத் தாரான், அதுக்குப் பேரு மறக்கருணைன்னாரு. அது பெரிய சாஸ்திரம், லேசா எடுத்துக்கிட ஏலாது. மத்தவங்க சொன்னதுக்கு அது எவ்வளவோ மேல். ஆனா சாஸ்திரத்துக்கும் ஒரு நேரங்காலம் உண்டுல்லா? இடுப்பளவு சேத்துல நின்னு, கெட்டியிருந்த ஆட்டைக் கையால தடவித் தேடுதவகிட்டப் போயி "ஒன்னைக் கழுவுதாரும்மா"ன்னா, அவ எதை எடுத்து அடிப்பான்னு சொல்ல முடியாது.

இந்த வெளக்க நோவு சின்ன ஆளுகளுக்குத்தான் வரும்னு நெனைக்காத. 1934 சனவரி 15, பீகார்ல பூமி ஆடி 10,000 பேருக்கு மேல செத்தாவ. காந்தி அந்த நேரம் தீண்டாமையை ஒழிக்கணும்னு நாடு சுத்திக்கிட்டு நம்ம பக்கம் வந்திருந்தாரு. சனவரி 24, திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்துல, பீகார்ல விழுந்த அடிக்கும் தீண்டாமைங்கிற பாவத்துக்கும் தொடர்பு உண்டுன்னு பேசுனாரு. தாகூருக்குப் பொறுக்கல. இயற்கையோட ஆட்டத்தையும் மனுசனோட பாவத்தையும் இப்படி முடிச்சுப் போடப்படாதுன்னு பகிரங்கமா மறுத்தாரு. அந்த மறுப்பைக் காந்தியே தன்னோட 'ஹரிஜன்' பத்திரிகையில போட்டுப் பதிலும் எழுதுனாரு. அது பெரிய மனுசத்தனம், அதை விட்டுக்கொடுக்கப்படாது.

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம். தீண்டாமைக்குத் தண்டனைன்னா மொத ஆட்டம் ஆடியிருக்க வேண்டியது நம்ம ஜில்லாதானேலே? கோயிலுக்குள்ள விடாத சாதி இங்க எத்தனை, தெருவுல செருப்புப் போட்டு நடக்கப்படாதுன்னு சொன்ன சாதி எத்தனை? அவ்வளவையும் இங்கன பத்திரமா வச்சுக்கிட்டு இருந்தோம், அடி போயி பீகார் முங்கேர்க்காரன் தலையில விழுந்துது. இடிபாட்டுக்குள்ள செத்தவன்ல தீண்டப்படாதவன்னு ஒதுக்கி வச்ச ஆளும்தானே உண்டு? அவன் என்ன பாவத்தைச் செஞ்சான், தள்ளி நின்ன பாவமா? மகாத்மாவுக்கே இந்தக் கணக்குல காலு இடறுதுன்னா, டோக்கன் வரிசைக்காரரைப் பத்திப் பேச என்ன இருக்கு.

நாசரேத்துப் பக்கம் எனக்கு ஒரு கூட்டாளி, உபதேசியாரா இருந்து ஓய்வானவரு. பேச்சுத் துணைக்கு அவரு வேதத்தைக் கொண்டு வருவாரு, நான் வெத்தலையைக் கொண்டு போவேன். இந்த வெள்ளத்துக்குப் பெறவு அவருதான் யோபு கதையை எனக்கு முழுசாச் சொன்னாரு. 7,000 ஆடு, 3,000 ஒட்டகம், 7 மகன், 3 மக. ஒண்ணும் மிஞ்சல. ஒடம்பு பூரா கொப்புளம். பாக்க மூணு கூட்டாளிமாரு வந்தாவ. வந்தவங்க ஏழு ராத்திரி ஏழு பகல் ஒரு வார்த்தை பேசாம அவன்கூடத் தரையில உக்காந்திருந்தாவ. அந்தக் கதையிலேயே அவங்க செஞ்ச உருப்படியான காரியம் அது ஒண்ணுதான். பெறவு வாயைத் தொறந்தாவ, கெட்டுது. நீ என்னமோ பாவம் செஞ்சிருக்கே, இல்லாட்டா கடவுள் இப்படிச் செய்ய மாட்டாருன்னு அதிகாரம் அதிகாரமா வாதாடுதாவ. யோபு விடல. நான் ஒண்ணும் செய்யல, அவரு வரட்டும், நேருக்கு நேரா கேக்கேன்னு நின்னான். (நம்ம பக்கத்து ஆழ்வார்திருநகரியில நம்மாழ்வார் புளியமரத்தடியில 16 வருசம் வாயே தொறக்காம இருந்தாருன்னு சொல்லுதாவ. நம்ம வெளக்கக்காரங்களுக்கு 16 நிமிசம் தாங்குமா?)

கடைசியில கர்த்தரு சூறைக்காத்துக்குள்ள இருந்து பேசுனாரு. பதில் சொன்னாரான்னு கேளு. சொல்லல. பூமியை உண்டாக்குனப்ப நீ எங்கே இருந்தேன்னு எதிர்க்கேள்விதான் போட்டாரு, சர்க்கார் ஆபீஸ்ல போடுத மாதிரி. ஆனா அதுக்கப்புறம் ஒரு காரியம் செஞ்சாரு, அங்கதான் நான் வெத்தலையைத் துப்பிட்டு நிமிந்து உக்காந்தேன். தனக்காக வாதாடுன அந்த மூணு பேரு மேலயும் கோவப்பட்டாரு. யோபு என்னைப் பத்திச் சரியாப் பேசுனான், நீங்க பேசலன்னுட்டாரு. ஏசுனவனுக்கு நல்ல பேரு, வக்காலத்து வாங்குனவனுக்கு அபராதம், ஏழு காளையும் ஏழு கடாவும். எனக்கு இந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

முடிவுல ஆடு மாடெல்லாம் யோபுவுக்கு ரெண்டு மடங்காக் கெடைச்சுது, 14,000 ஆடு, 6,000 ஒட்டகம். பிள்ளைகளும் மறுபடி 7 மகன், 3 மக. "அப்ப செத்த பத்துப் பிள்ளை?"ன்னு உபதேசியாரைக் கேட்டேன். அவரு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு, ரொம்ப நேரம் தொடைச்சாரு. நம்ம வெள்ளத்துலயும் அப்படித்தானே? குடும்பத்துக்கு 6,000 ரூவா, மாட்டுக்கு 37,500, செத்த ஆளுக்கு 5 லட்சம். மாட்டுக்குக் கொடுத்ததை வச்சு இன்னொரு மாட்டைப் பிடிச்சிரலாம். ஆளுக்கு வந்ததை பேங்க்ல போட்டுட்டு என்ன செய்யன்னு தெரியாம இருக்கவளை நான் பாத்திருக்கேன். ஈடு கட்டிட்டோம்னு எந்தச் சாமியும், எந்தச் சர்க்காரும் பைலை மூடிரப்படாது பாத்துக்க.

இப்ப நம்ம ஊருச் சாமிக்கு வாரேன். ஸ்ரீவைகுண்டத்துல உற்சவரு பேரு கள்ளப்பிரான். காலதூஷகன்னு ஒரு கள்ளன். களவுக்குப் போகுமுந்தி மூலவரு வைகுண்டநாதரைக் கும்பிட்டுட்டுப் போவான், வந்த பெறவு பாதியைக் கோயிலுக்குக் கொடுத்துருவான். ஒரு தடவை அரமனையிலேயே கை வச்சான். கூட்டாளிமாரு மாட்டிக்கிட்டானுவ. இவன் ஓடி வந்து சாமி காலைப் பிடிச்சான். சாமி என்ன செஞ்சாரு? கள்ளன் வேசத்தைப் போட்டுக்கிட்டு தானே போயி ராசா முன்னால நின்னாரு. தருமம் செய்யாம நீ பூட்டி வச்ச சொத்துதானேன்னு ராசாவையே திருப்பிக் கேட்டதாத் தலபுராணத்துல சொல்லுதாவ. ராசா காலுல விழுந்தான். அந்த உற்சவரு கன்னத்துல ஒரு தழும்பு கூட உண்டு. செஞ்ச சிற்பி அழகு பொறுக்காம கிள்ளுனதாம். கிள்ளுனாலும் வாங்கிக்கிடுத சாமி.

இந்தக் கதையைப் பெரிய படிப்பாளிகிட்டச் சொல்லிராத, மானம் போச்சும்பான். களவுல பங்கு வாங்குன சாமியான்னு கேப்பான். நானும் சின்ன வயசுல அப்படித்தான் கேட்டேன். இப்ப வேற மாதிரி படுது. கள்ளன் கையை ஏன் தடுக்கல? தடுக்கதா இருந்தா எல்லார் கையையும் தடுக்கணும்லா. நீ அங்க சைட்டு பதியும்போது மேசைக்கு அடியில ஒரு கவரை நீட்டுனியே, அன்னைக்கு ஒன் கையைச் சாமி தடுக்கலையேன்னு எபிக்யூரஸைக் கூப்பிட்டியா? மனுசன் செய்யுத கெடுதிக்கு இந்தச் சமாதானம் ஓரளவுக்கு ஓடும். 95 சென்டிமீட்டருக்கு ஓடாது. மேகத்துக்கு என்ன சுதந்திரம் கெடக்கு? அங்கன நான் சாமியை விடமாட்டேன். ஆனா ஒண்ணு, கணக்குக் கேட்ட அன்னைக்கு அவரு வக்கீலை அனுப்பல. கள்ளனோட கள்ளனா அவரே வந்து நின்னாரு. அதனாலதான் சொல்லுதேன், பாதிப் பங்கு அவருது, பாதி நம்மளுது. அவரு பங்குக்கு அவருதான் பேசணும். நடுவுல எந்தப் பய வாயைத் தொறந்தாலும், ஒங்கிட்ட வக்காலத்து நாமா இருக்கான்னு கேளு.

அவரைக் கேக்கப்படாதுன்னு பயமுறுத்துவாவ, நம்பாத. கேட்டவங்க லேசுப்பட்ட ஆளுக இல்ல. சிவனைப் பாடுன சுந்தரர், திருவொற்றியூர்ல தான் கெட்டுன சங்கிலிகிட்ட விட்டுப் பிரிய மாட்டேன்னு கொடுத்த சத்தியத்தை மீறித் திருவாரூருக்குக் கெளம்புனதும் ரெண்டு கண்ணும் போச்சு. அதுல பாதித் தப்பு அவரு மேலதான், அது அவருக்கும் தெரியும். வழியில திருவெண்பாக்கத்துல போயி நின்னா, சாமி கண்ணைக் கொடுக்கல, ஊனுகோலைக் கொடுத்தாரு. கண்ணு கேட்டவனுக்குக் கம்பு! காஞ்சிபுரத்துல ஒரு கண்ணு வந்துது. மத்ததுக்காகத் திருவாரூர்ல நின்னு சுந்தரர் ஏசுனாரு பாரு, நீரு நல்லா இரும்யான்னு, கூட்டாளிக்காரன் வயிறெரிஞ்சு சொல்லுத மாதிரி. அந்த ஏச்சை யாரும் கிழிச்சுப் போடல. ஏழாந் திருமுறையில சேத்துக் கட்டி, இன்னைக்கும் அதே சாமி முன்னால ஓதுவார் ராகம் போட்டுப் பாடுதாரு. புகார் மனுவை வேதமா வச்சிருக்க வீட்டுல பெறந்துட்டு, கேக்கலாமான்னு நீ என்னைக் கேக்கே.

வள்ளுவரும் அப்படித்தான். மொத அதிகாரத்துல பத்துக் குறள் சாமியைக் கும்பிட்டவரு, 107-வது அதிகாரத்துக்கு வந்ததும், மனுசன் பிச்சை எடுத்துத்தான் உசுரு வாழணுங்கிற நெலமையைப் பாத்து, படைச்சவனுக்கே சாபம் போட்டாரு. கும்பிட்ட வாயும் அதே வாய்தான். அதுக்கு யாரு எவ்வளவு வளைச்சு வளைச்சுப் பொருள் சொன்னாலும், சாபம் சாபமாத்தான் கெடக்கு.

நம்ம பங்கு பாதின்னு சொன்னேன்லா, அதுக்கு வா. மழை அவரு பங்கு. குளத்துக்குள்ள பிளாட்டு யாரு போட்டா? மறுகால் வாய்க்காலை அடைச்சு செங்கச் சூளை வச்சது யாரு, மார்கழி மேகமா? கரையில மண்ணெடுத்து வித்த பயலோட கல்யாணத்துக்கு மொய் எழுதிட்டு வந்தவந்தான் நானும், ஒங்க அப்பனும். அதே பாதிக்குள்ளதான் நல்லதும் கெடக்கு. முன்னால தண்டவாளம் இருக்காது, ரயிலை விடமாட்டேன்னு நிப்பாட்டுன ஸ்டேஷன் மாஸ்டரு, தன் வீட்டுல அடுப்பு நனைஞ்சு கெடக்கும்போது அந்த ரயில் சனத்துக்குச் சோறாக்கிக் கொடுத்த பக்கத்து ஊருக்காரங்க. அவங்க ஒருத்தரும் கடவுள் ஏன் இப்படிச் செஞ்சாருன்னு கேட்டு முடிச்சிட்டா ஒலையை வச்சாவ?

இன்னொரு புத்தி சொல்லுதேன், கேட்டுக்க. அடுத்த வாரம் ஊருக்கு வரும்போது மேலத்தெருவுல ஆடு போனவ, ஆளு போனவ வீட்டுக்கெல்லாம் போவே. அங்கன போயி ஒன் எபிக்யூரஸையும் பேசாத, கன்மத்தையும் பேசாத. சாமி இல்லன்னு நிரூபிச்சாலும் அவளுக்கு ஆடு வராது, இருக்காருன்னு நிரூபிச்சாலும் வராது. அவளா "ஏன்யா இப்படி"ன்னு கேட்டா, தெரியலைம்மான்னு சொல்லு. பட்டணத்துல ஒனக்கு அந்த வார்த்தை வராதுன்னு தெரியும், சம்பளத்தைக் கொறைச்சிருவான். இங்க யாரும் கொறைக்க மாட்டாவ. அவ ஏசுனா கூடச் சேந்து ஏசு.

வரும்போது அந்த லேப்டாப்பையும் கொண்டா. குளத்துக் கரை இன்னும் மணல் மூட்டையிலதான் நிக்கி, அடுத்த ஐப்பசி தாங்காது. கலெக்டருக்கு ஒரு மனு, பொதுப்பணித்துறைக்கு ஒரு மனு, நல்ல தமிழ்ல அடிச்சுக் கொடு. சர்வே நம்பர் எல்லாம் நான் எடுத்து வச்சிருக்கேன். பிளாட்டு போட்டவன் பேரையும் போட்டுரு, நம்ம சொந்தக்காரன்தான், பரவாயில்ல. பதில் வராதுன்னு எனக்கும் தெரியும். ரசீது மட்டும் மறக்காம வாங்கிக்கிடணும். நகல் யாருக்கெல்லாம்னு கீழ எழுதுவேல்லா, அதுல குறும்பா வைகுண்டநாதர் பேரைச் சேத்துராத. அவருக்கு நான் தனியா எழுதிக்கிட்டிருக்கேன், இன்னும் ரெண்டு பக்கம் பாக்கி.